கண்ணாய் மலர்ந்த சின்னம்

சொல்லின்றிப் பேசும் ஒரு சின்னத்தைப்பற்றி இன்று சிந்திப்போம்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில், வானொலியின் அரவணைப்பில் பிறந்தது. 1976 ஏப்ரல் 1 அன்று அது வானொலியினின்று பிரிந்து, தூர்தர்ஷன் என்னும் தனி அமைப்பாயிற்று. தனிக்குடித்தனம் புகுந்த அதற்குத் தனி முத்திரையும் வேண்டியிருந்தது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பயின்ற தேவாசிஷ் பட்டாச்சார்யா அதனை வரைந்தார். நடுவே ஒரு வட்டம். அதனைத் தழுவும் இரு வளைவுகள். மனிதக் கண்ணே அதன் கரு. அவ்வளைவுகள் திரையிற் சுழன்று வந்து, ஒன்றுகூடிக் கண்ணாய் நிலைபெறும். உடன் ஒலித்த இசையைப் பண்டிட் ரவிசங்கரும் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் அமைத்தனர்.

1982இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. பின்னாளில் சின்னத்தின் நிறமும் அசைவும் மாறின. கண்ணின் வடிவம் மறையவில்லை. 2017இல் புதிய சின்னம் வரைந்தனுப்புமாறு மக்களை அவ்வமைப்பு அழைத்தது. அப்பொழுதும் பழைய கண்ணே வேண்டும் என்றோர் பலர்.

காரணம் யாது? பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலம் புகுந்த நம்மிற் பலருக்கு, சின்னத்தின்கீழ் வந்த நாகரி எழுத்துக்கள் தொடக்கத்தில் விளங்கவில்லை. அடுத்த வீட்டு வங்காளியரும் மராத்தியரும் நாமும் ஒரே கூடத்தில் அமர்ந்து, அச்சுழற்சியை ஒருங்கே படித்தோம். எழுத்துப் பிரித்த இடத்தில் வடிவம் இணைத்தது. மொழி பல வழங்கும் நாட்டில் பொதுச் சின்னம் வரைவோர் மறவாதிருக்கவேண்டிய பாடம் இதுவேயாகும்.