முதல் கேமரா வாங்கப் போகும் சகோதரிகளுக்கு

(வட்டாரக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், செய்தி மடலுக்குப் படம் எடுக்கும் குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன சில கூட்டங்களாக ஒரே கேள்வி பல குழுக்களில் இருந்து வருகிறது. “கேமரா வாங்க உள்கடன் கேட்டிருக்கோம், எது வாங்கலாம்?” செய்தி மடலுக்குப் படம் எடுக்கிற நாங்களே பதில் சொல்லணும்னு தலைவி சொல்லிட்டாங்க. அதனால் பேச வந்திருக்கோம்.

எது வாங்கலாம் என்பதற்கு முன்னால், எதுக்கு வாங்கறீங்க என்று நாங்கள் கேட்போம். கூட்டம் நடந்ததற்குச் சான்றாக ஒரு படம், ஆட்டுக்கும் மாட்டுக்கும் காப்பீடு செய்ய காது வில்லை தெரிகிற மாதிரி ஒரு படம், விற்கப் போகும் கூடையையும் ஊறுகாய் பாட்டிலையும் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு படம். இவ்வளவுதான் வேலை என்றால் கேமராவே வேண்டாம். வீட்டில் ஒரு செல்போன் இருந்தால் போதும். முந்தானையால் தேய்க்காமல், சுத்தமான மெல்லிய துணியால் லென்ஸைத் துடைங்க. பொருளைத் திண்ணையில் வெயில் நேராக விழாத இடத்தில் வைங்க. பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி எடுங்க. குழுப் பணம் மிச்சம். இதற்காகக் கடன் கேட்டு வந்தால் தீர்மானம் போடாதீங்க என்றுதான் சொல்வோம்.

ஆனால் இன்னொரு வகை சகோதரிகள் இருக்காங்க. படம் எடுப்பதையே தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள். காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று நம்ம ஊரில் விசேஷத்துக்குக் குறைவில்லை. வயசுக்கு வந்த பிள்ளைக்குத் தண்ணி ஊத்துற இடத்தில் ஆண் போட்டோகாரர் நிற்கும்போது அந்தப் பிள்ளை தலை நிமிர்வதில்லை. அம்மாவுக்கும் சங்கடம், பாட்டிக்கும் சங்கடம். அங்கே ஒரு பெண் கேமராவோடு நின்றால் படமே வேற மாதிரி வரும். இவர்களுக்காகத்தான் இனிமேல் சொல்வது எல்லாம்.

கடைக்குப் போனதும் முதலில் காதில் விழுவது மெகாபிக்சல். ஒரு மெகாபிக்சல் என்றால் பத்து லட்சம் புள்ளி. 1975-ல் அமெரிக்காவில் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் மொத்தமே பத்தாயிரம் புள்ளிதான். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல்! இன்றைக்கு நமக்கு எவ்வளவு வேண்டும்? நாலுக்கு ஆறு அங்குலப் படம் தெளிவாக அச்சாக 2 மெகாபிக்சல் போதும். ஏ4 தாள் அளவுக்கு 9. ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்க, பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் போட்டாலும் 20 போதும். அதுக்கு மேல எண்ணைக் காட்டி விலை ஏத்தினால் ஏமாறாதீங்க. இன்னொன்று, பெயர் தெரியாத சின்னக் கேமராக்களில் 48, 64 என்று எழுதி மூவாயிரம் நாலாயிரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் புள்ளிகள் அதில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது. மிச்சத்தைக் கேமராவே இட்டுக்கட்டி நிரப்பும். மோருக்குத் தண்ணி ஊத்திப் பெருக்கின கதைதான்.

எண்ணைவிட முக்கியம் சென்சார். படச்சுருள் இருந்த இடத்தில் இப்போது இருப்பது அதுதான். ஒளியை வாங்குகிற சில்லு. செல்போனிலும் சின்னக் கேமராவிலும் அது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, பல சின்னக் கேமராக்களில் சுமார் 6 மில்லிமீட்டருக்கு நாலரை. லென்ஸ் கழற்றி மாட்டும் ஆரம்பநிலைக் கேமராவில் சுமார் 22-க்கு 15. கணக்குப் போட்டால் பத்து மடங்குக்கு மேல். மழை பெய்யும்போது தாழ்வாரத்தில் சொம்பை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். நம்ம வீட்டு நடுக்கூடத்தில் ஒரு டியூப்லைட்தான் எரியும். அந்த வெளிச்சத்தில் சின்னச் சென்சார் படம் மணல் தூவின மாதிரி வரும்.

ஜூம் என்றால் ஆப்டிகல் ஜூம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்க. அதில் லென்ஸே நகர்ந்து கிட்டக் கொண்டுவரும். டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தை ஜெராக்ஸில் பெரிசாக்குவது போல. அதற்குத் தனியாகக் காசு கொடுக்க ஒன்றும் இல்லை.

சரி, எந்தக் கேமரா? 2018-ல் வந்த கேனான் 1500டி, அதே ஆண்டு வந்த நிக்கான் டி3500, இரண்டும் 24 மெகாபிக்சல், ஆரம்பிக்கிறவர்களுக்கு ஏற்றவை. டி3500 இப்போது தயாரிப்பில் இல்லை, கைமாறியதுதான் கிடைக்கும். புதிதாக வருவதில் பெரும்பாலானவை கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகை. நல்லவைதான், விலைதான் கையைச் சுடும். எங்கள் அபிப்பிராயம், முதல் கேமரா கைமாறியதாகவே இருக்கட்டும். மிச்சமாகும் பணத்தில் 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்க. எஃப் பக்கத்தில் உள்ள எண் சின்னதானால் ஒளி அதிகம் உள்ளே போகும். கேமராவோடு வரும் லென்ஸை அதே 50-ல் வைத்தால் வருவதைவிட, முழுசாகத் திறந்த இந்த லென்ஸில் எட்டு மடங்குக்கு மேல் ஒளி வரும். வளைகாப்பில் குத்துவிளக்கு வெளிச்சத்திலேயே முகம் எடுக்கலாம். ஃபிளாஷ் அடித்தால் முகம் வெளுத்துப்போகும், பின்னால் இருட்டாகும்.

கைமாறியதை வாங்கும்போது அவசரப்படாதீங்க. ஷட்டர் இதுவரை எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கடைக்காரரைக் காட்டச் சொல்லுங்க. ஆரம்பநிலைக் கேமராவுக்கு ஒரு லட்சம் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்க. சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். வெளியே வந்து எஃப் 16-ல் வைத்து வானத்தை ஒரு படம் எடுங்க. கரும்புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. சுத்தம் செய்ய ஆகும் காசை விலையில் கழிக்கச் சொல்லலாம். மூடியைப் போட்டபடி ஒரு படம் எடுங்க. கறுப்பில் அங்கங்கே வெள்ளை, சிவப்பு மினுக்கினால் அந்தப் புள்ளிகள் கெட்டுப்போனவை. நம்ம ஊர் கடைவீதியில் நாலு பேர் பார்க்கிறாங்களேன்னு கூச்சப்பட வேண்டாம். புடவைக் கடையில் நாற்பது புடவை பிரிக்கச் சொல்றோமே!

விலை பேசும்போது மற்றதையும் சேர்த்துக் கூட்டுங்க. கூடுதல் பேட்டரி, இரண்டு மெமரி கார்டு, பை, படத்தைச் சேர்த்து வைக்க ஒரு ஹார்டு டிஸ்க். எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, 20 தவணை என்றால் மாதம் அசல் 1,500. முதல் மாத வட்டி 300, கடைசி மாதம் 15. மொத்த வட்டி 3,150. மாதம் ஒரு விசேஷமாவது கிடைத்து, அதில் இரண்டாயிரம் கையில் நின்றால் தவணை தட்டாது. ஆடியிலும் மார்கழியிலும் சுபகாரியம் இருக்காது, அந்த இரண்டு மாதத் தவணையை முன்னாலேயே எடுத்து வைத்துவிடணும். கடைகளில் வட்டியில்லாத் தவணை என்பார்கள். கைக்காசு கொடுத்தால் என்ன விலை என்று முதலில் கேட்டுப் பாருங்க, வட்டி எங்கே ஒளிந்திருக்கு என்று தெரிந்துவிடும்.

பில்லை உங்கள் பெயரில் போடச் சொல்லுங்க. இதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். கடன் பெண் பெயரில், வண்டியும் போனும் ஆண் பெயரில் என்று நம்ம குழுக்களில் எத்தனை பார்த்தாச்சு! கேமராவின் எண்ணைப் பில்லிலும் எழுத வைங்க, குழுத் தீர்மானத்திலும் எழுதுங்க. அவசரத்துக்கு அடகு வைக்க யாராவது எடுத்துப் போக நினைத்தால், இது குழுக் கடன் பொருள் என்று சொல்ல அந்த ஒரு வரி இருக்கும்.

“நாங்க அவ்வளவா படிக்கலையே, எங்களுக்கு வருமா?” என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க. 1984-ல் அகமதாபாத்தில் சேவா சங்கத்தில் வீடியோ பயிற்சி கொடுத்தபோது, அதில் காய்கறி விற்கும் பெண்களும் இருந்தார்கள். எழுத்தே தெரியாதவர்களும் கற்றுக்கொண்டு படம் எடுத்தார்கள். தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் தலித் விவசாயப் பெண்கள் பல வருடங்களாகக் கேமரா பிடிக்கிறார்கள். எதிரில் இருப்பவரின் கண்ணுக்கு நேராகக் கேமராவை வைத்து எடுப்பதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சங்கம் ஷாட்’. சங்கத்தில் எல்லாரும் ஒரே மட்டத்தில் உட்காருகிறோமே, அதனால்.

முதல் மாதம் பச்சைக் குறி உள்ள தானியங்கி இடத்திலேயே வைத்து எடுங்க. காசு வாங்காமல் சொந்தக்காரங்க வீட்டு விசேஷம் இரண்டு எடுத்துப் பழகிய பிறகு கூலி பேசுங்க. பெண் பிள்ளைகள் படத்தை வீட்டாரிடம் கேட்காமல் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. அந்த நம்பிக்கைக்குத்தான் நம்மளக் கூப்பிடுறாங்க.

மழைக்காலத்தில் கேமராவைப் பீரோவில் துணிக்கு நடுவில் வைக்காதீங்க, ஈரம் ஏறும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க. வாரத்துக்கு ஒருமுறை எடுத்து நாலு படம் எடுங்க. அடுத்த மாதக் கூட்டத்துக்கு எங்கள் கேமராவைக் கொண்டு வருகிறோம். வாங்க நினைக்கிறவங்க முன்னதாகவே வந்துடுங்க, ஆளுக்குப் பத்து நிமிஷம் கையில் பிடித்துப் பார்க்கலாம்.