முதல் ஆளுக்கு என்ன கிடைத்தது?

தலைப்பு: புதுக் கருவி வாங்க விடிய விடிய வரிசையில் நிற்பது ஆர்வமே! மயக்கமே!
‘மயக்கமே’ அணியின் நிறைவுப் பேச்சு

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரிக்கிற நண்பர்களே! அரங்கத்திலும், வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னாலும் அமர்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு கேள்வியை வீசிவிட்டுப் போனார். “காத்திருப்பது தவறா? ராமனுக்காகச் சபரி காத்திருக்கவில்லையா?” என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். அம்மா, சபரி காத்திருந்தது உண்மை. ஆனால் ராமன் வந்த 68-ஆம் நாள் அவன் விலை குறைந்துபோனானா? (சிரிப்பு) பாதிப் பேர் சிரிக்கிறீர்கள், மீதிப் பேர் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறீர்கள். பொறுங்கள். அந்த 68 நாள் கணக்குக்குத்தான் வருகிறேன்.

காத்திருப்பதை நான் குறை சொல்ல வரவில்லை நடுவர் அவர்களே. நம் ஆட்களுக்குக் காத்திருக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். மண்ணெண்ணெய் டின்னை வரிசையில் வைத்து, அதன் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு வந்த தலைமுறை நாங்கள். வீட்டுக்கு ஒரு தொலைபேசி வேண்டுமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த தலைமுறை. ஆனால் ஒன்று. நாங்கள் வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டே காத்திருந்தோம்! (சிரிப்பு) அது தேவைக்கு நின்ற வரிசை. நாளைக்கு அடுப்பு எரிய வேண்டுமே என்று நின்ற வரிசை. இன்றைய தலைப்பில் இருக்கிற வரிசை அது இல்லை.

முதலில் ஒரு பழைய வரிசையைப் பாருங்கள். 1988-ஆம் ஆண்டு பிப்ரவரி 10, புதன்கிழமை. ஜப்பானில் ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற வீடியோ விளையாட்டின் மூன்றாம் பாகம் வெளிவந்தது. கடை வாசலில் நீண்ட வரிசை. நின்றவர்களில் நூற்றுக்கணக்கான பேர் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த பிள்ளைகள். போலீஸ்காரர்கள் வந்து பிடித்தார்கள். எதிரணி இதை ‘ஆர்வம்’ என்கிறது. ஐயா, என் வகுப்பிலும் ஒரு பையன் வரவில்லை என்றால் இனிமேல் ‘ஆப்சென்ட்’ போட மாட்டேன். ‘ஆர்வம்’ என்று போட்டுவிடுகிறேன்! (சிரிப்பு, கைதட்டல்)

அடுத்து அமெரிக்கா வாருங்கள். 2007-ஆம் ஆண்டு ஜூன் 29, வெள்ளிக்கிழமை மாலை 6 மணி. அன்றைக்குத்தான் ஆப்பிள் நிறுவனத்தின் முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தது. நியூயார்க்கில் ஐந்தாம் அவென்யூவில் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு கடை. அந்த வாசலில் முதல் ஆள் வந்து உட்கார்ந்தது எப்போது தெரியுமா? திங்கட்கிழமை விடியற்காலை. நூறு மணி நேரத்துக்கு மேல்! நம்ம ஊரில் தாலி கட்டுவதற்குக்கூட மாப்பிள்ளை முதல் நாள் சாயங்காலம்தான் வருகிறார். (சிரிப்பு)

சரி, நின்றார், வாங்கினார். ஒரு கேள்வி கேட்கிறேன். அப்படி நிற்காவிட்டால் அவருக்கு ஐபோன் கிடைத்திருக்காதா? ஆப்பிளின் பல கடைகளில் மறுநாளும் கையிருப்பு இருந்தது. சனிக்கிழமை குளித்து, சாப்பிட்டு, சாவகாசமாகப் போனவரும் அதே பெட்டியைத்தான் வாங்கிக்கொண்டு வந்தார். அப்படியென்றால் வெள்ளிக்கிழமை ஆள் எதற்காக நின்றார்? கருவிக்காக நின்றிருந்தால் சனிக்கிழமை போயிருப்பார். அவர் நின்றது ‘முதல்’ என்ற அந்த ஒரு சொல்லுக்காக. அந்தக் கடையில் அன்றைக்கு இரண்டு சரக்கு விற்றது. ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. இன்னொன்று வாசலில் இருந்தது. வாசல் சரக்குக்கு ரசீது கிடையாது.

இப்போது அந்தக் கணக்கு. 8 ஜிகாபைட் ஐபோனின் விலை அன்றைக்கு 599 டாலர். செப்டம்பர் 5-ஆம் தேதி ஆப்பிள் அதை 399 டாலர் ஆக்கியது. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், 68-ஆம் நாள்! ஒரே அடியில் 200 டாலர் குறைவு. நின்றவர்கள் கொதித்துப்போனார்கள். மறுநாளே ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, முதலில் வாங்கியவர்களுக்கு 100 டாலர் தருவதாகச் சொன்னார். அதுவும் கையில் இல்லை. ஆப்பிள் கடையில் பொருளாக வாங்கிக்கொள்ளலாம். அதாவது, மறுபடியும் கடைக்கு வா! (பலத்த சிரிப்பு)

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. 48, 49, 50. அரசனுக்குச் சொன்னதுதான், ஆனால் பர்ஸ் வைத்திருக்கிற எல்லாருக்கும் பொருந்தும். என் சட்டைப்பையின் வலிமை என்ன, வாங்க ஏற்ற காலம் எது, இடம் எது என்று மூன்றும் தெரிய வேண்டும். இந்த வரிசைக்காரருக்கு மூன்றில் ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும். இடம்! “இது என் இடம், நீ பின்னாலே போ!” (சிரிப்பு, கைதட்டல்)

அதே நாளில் பிலடெல்பியா நகரத்தில் ஒரு காட்சி. அங்கே வரிசையில் விடிவதற்கு முன்பே வந்து உட்கார்ந்தவர் யார் தெரியுமா? அந்த ஊர் மேயர் ஜான் ஸ்ட்ரீட். வழியில் போன ஒருவர் நின்று கேட்டார். ஊரில் இத்தனை கொலை நடக்கிறது, நீங்கள் இங்கே எப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று. அந்த வழிப்போக்கர் இன்றைக்கு இருந்திருந்தால் என் அணியில் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் நடுவர் அவர்களே! (கைதட்டல்)

எதிரணித் தம்பி சொன்னார், வரிசை என்றால் சமத்துவம், பணக்காரனும் ஏழையும் ஒன்றாக நிற்கிற இடம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. 2012 ஜனவரி 13, பெய்ஜிங் நகரம். ஐபோன் 4எஸ் விற்பனை. உறைகிற குளிரில் இரவெல்லாம் கூட்டம். அதில் நிறையப் பேர் கள்ளச்சந்தை வியாபாரிகள் கூலி கொடுத்து நிறுத்திய ஆட்கள். வாங்கப்போகிறவன் வீட்டில் போர்வைக்குள் இருக்கிறான். நிற்கிறவனுக்கு அந்தக் கருவி சொந்தமாகப் போவதே இல்லை. கூட்டத்தைப் பார்த்துப் பயந்து கடையைத் திறக்கவில்லை. கடைக் கண்ணாடியில் முட்டை பறந்தது. தம்பி, இதுவா சமத்துவம்? குளிரை ஒருவனுக்கும் போனை ஒருவனுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பதா சமத்துவம்? (பலத்த கைதட்டல்)

நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 19, மும்பை பாந்திரா–குர்லா வளாகத்துக் கடை. ஐபோன் 17 விற்பனை நாள். வரிசையில் தள்ளுமுள்ளு, கைகலப்பு. இணையத்தில் பதிவு செய்தால் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிற காலத்தில் கைகலப்பு!

முதலாவதாக வாங்கியவருக்கு என்ன கிடைக்கிறது? 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரம். ஐபோன் 6 வாங்கி முதல் ஆளாக வெளியே வந்தார் ஓர் இளைஞர். சுற்றிலும் தொலைக்காட்சி கேமரா. நேரடி ஒளிபரப்பு. பெட்டியைத் திறந்து காட்டுங்கள் என்றார்கள். திறந்தார். போன் தரையில் விழுந்தது! (சிரிப்பு) நல்ல வேளை, உடையவில்லை. நான் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அத்தனை நேரம் நின்ற கை, நடுங்காமல் என்ன செய்யும்?

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். எதிரணித் தலைவர் ஸ்டீவ் வோஸ்னியாக்கைச் சொன்னார். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2011 அக்டோபரில் ஐபோன் 4எஸ் வாங்க, கலிபோர்னியாவில் லாஸ் கேட்டோஸ் ஊர்க் கடையில் முந்தைய நாளே வந்து, முதல் ஆளாக நின்றார். ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்கே வந்திருக்கும். ஆனாலும் நின்றார். நான் ஒத்துக்கொள்கிறேன், அந்த மனிதர் நின்றதில் ஓர் அழகு இருக்கிறது. ஆனால் நாளைக் கவனியுங்கள். ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்தது அக்டோபர் 5. போன் விற்பனைக்கு வந்தது அக்டோபர் 14. ஒன்பதே நாள். வாலிப வயதில் கூட இருந்து கருவி செய்த நண்பன் போய்விட்டான். அந்த வாசலில் ஓர் இரவு இருந்துவிட்டு வரலாம் என்று அவருக்குத் தோன்றியிருந்தால், அதை நான் கருவி ஆசை என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் அதற்குத் துக்கம் என்று பெயர். அந்த ஒருவரைக் காட்டி மற்ற எல்லாருக்கும் சான்றிதழ் வாங்கப் பார்க்கிறீர்களே, அதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். (கைதட்டல்)

கடைசியாக ஒன்று. சிரிப்பை ஒரு நிமிடம் ஓரமாக வையுங்கள்.

2023 செப்டம்பர் 22. ஐபோன் 15 விற்பனைக்கு வந்தது. மும்பைக் கடையில் முந்தைய நாள் பிற்பகலிலேயே வந்து நின்றவர்கள் உண்டு. அந்தப் போன்களில் ஒரு பகுதி எங்கே செய்தது? ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம். நம் வட்டாரத்தில்! வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். வயலும் வரப்புமான ஊர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கிற பிள்ளைகள்.

என்னிடம் தமிழ் படித்த ஒரு பெண் இப்படி ஒரு மின்னணு ஆலையில் வேலைக்குப் போகிறாள். எந்த ஆலை என்பது வேண்டாம். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். “என்னம்மா, டிவியில பார்த்தியா, விடிய விடிய வரிசையில நிக்கிறாங்களே” என்று கேட்டேன். அவள் சொன்னாள்: “பார்த்தேங்க ஐயா. எங்களுக்கும் வரிசை உண்டு. உள்ளே போறப்ப ஒரு வரிசை, ஷிப்டு முடிஞ்சு வெளியே வர்றப்ப சோதனைக்கு ஒரு வரிசை. எங்க போனை வாசல்லயே வாங்கி வச்சுக்குவாங்க. நாங்களும் ராத்திரி பூரா முழிச்சுத்தான் இருக்கோம் ஐயா, எங்களை யாரும் டிவியில காட்டல.”

எனக்குச் சாப்பிட்ட பொங்கல் இறங்கவில்லை நடுவர் அவர்களே. ஒரே கருவிக்காக இரண்டு பேர் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். ஒருத்தி தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்காக விழித்திருக்கிறாள். இன்னொருவன் அடுத்தவனுக்கு முன்னால் கையில் பிடித்துக் காட்ட விழித்திருக்கிறான். இரண்டு இரவும் ஒன்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் இரவுக்கு உழைப்பு என்று பெயர். அவன் இரவுக்கு என்ன பெயர் என்பதுதான் இன்றைய தலைப்பு. (நீண்ட கைதட்டல்)

பெற்றோர்களே, வீட்டில் பிள்ளை வந்து “நாளைக்குக் காலையிலேயே அது வேணும்ப்பா” என்று நின்றால் திட்டாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “மூணு மாசம் கழிச்சு வாங்கித் தந்தா இதே சந்தோஷம் இருக்குமா?” இருக்கும் என்றால், அவனுக்கு அந்தக் கருவி பிடித்திருக்கிறது. முடிந்தால் மூன்று மாதம் கழித்து வாங்கிக் கொடுங்கள், விலையும் குறைந்திருக்கலாம். “அப்போ எல்லார்கிட்டயும் இருக்குமே” என்று முகம் வாடினால், அவன் கேட்டது கருவி இல்லை. நண்பர்களுக்கு நடுவில் ஒரு மதிப்பு. அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பக்கத்தில் உட்கார வைத்து நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

என் வீட்டுக்கார அம்மாவிடம் இன்றைய தலைப்பைச் சொன்னேன். “ரேஷன் கடையில அரை மணி நேரம் நிக்கச் சொன்னா மூட்டு வலிங்கிறீங்க, நீங்க எல்லாம் வரிசையைப் பத்திப் பேசப் போறீங்களா?” என்றார். (பலத்த சிரிப்பு) ஆகவே நடுவர் அவர்களே, என்னையும் அதிக நேரம் காத்திருக்க வைக்காமல், தேவைக்கு நிற்பது வரிசை, பெருமைக்கு நிற்பது மயக்கமே என்று நல்ல தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு அமைகிறேன்.