பேரனோடு பார்த்த அனிமே: நிறையும் குறையும்

(நமது கிளப் ஹவுஸில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் சி பிளாக்கைச் சேர்ந்த மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

சங்க நிர்வாகிகளுக்கும், சனிக்கிழமை மாலையைத் தியாகம் செய்து வந்திருக்கும் பெற்றோருக்கும், சமோசாவுக்காக வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் நன்றி.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்த விவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். நூலக அறையில் இருக்கும் ஜப்பானியக் காமிக்ஸ் புத்தகங்களை எடுத்துவிட வேண்டும், பிள்ளைகள் எந்நேரமும் அனிமே பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்று சிலர் எழுதினார்கள். "கார்ட்டூன்தானே, விடுங்க சார்" என்று சிலர் பதில் போட்டார்கள். செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் பேரனோட உட்கார்ந்து பார்க்கிறீங்களாமே, ஒரு அரை மணி நேரம் பேசுங்க" என்றார். அதனால்தான் இந்த மைக் என் கையில் இருக்கிறது.

முதலில் என் தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போவதால் வீட்டில் டிவி ரிமோட் என் பொறுப்பு. பேரன் எட்டாம் வகுப்பு வந்ததும் அனிமேக்குத் தடை போட்டேன். வைஃபை பாஸ்வேர்டையே மாற்றினேன். அவன் என்ன செய்தான்? நண்பனின் பழைய போனை வாங்கி, போர்வைக்குள் வைத்துப் பார்த்தான். அது தெரிந்ததைவிட, அந்த ஆறு மாதம் அவன் என்னிடம் "சரி", "இல்லை" என்ற இரண்டு வார்த்தைகளுக்கு மேல் பேசவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது.

இரண்டாவது தவறு அதற்கு நேர்மாறானது. இரண்டாம் வகுப்பு படிக்கும் பேத்திக்கு, 'படம் அழகாக இருக்கிறதே' என்று நானே 'டீமன் ஸ்லேயர்' முதல் எபிசோடைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். பனி மலை, அன்பான குடும்பம், கரி விற்கும் சிறுவன் என்றுதான் ஆரம்பிக்கிறது. சில நிமிடங்களிலேயே அந்தக் குடும்பம் முழுவதும் ரத்த வெள்ளத்தில் கிடக்கிறது. குழந்தை பத்து நாள் விளக்கை அணைக்க விடவில்லை.

ஒரு பிள்ளைக்குப் பார்க்காமலே தடுத்தேன், இன்னொரு பிள்ளைக்குப் பார்க்காமலே அனுமதித்தேன். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே தவறுதான்.

நம் தலைமுறைக்குக் கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்கானது. ஜப்பானில் அப்படி இல்லை. அங்கே பெரும்பாலான தொடர்கள் பத்திரிகைகளில் வரும் மாங்கா என்ற படக்கதைகளிலிருந்து பிறக்கின்றன. அந்தப் பத்திரிகைகள் சிறுவர், சிறுமியர், ஆண்கள், பெண்கள் என்று தனித்தனியாக வருகின்றன. நம் வீடுகளில் எல்லோரும் சிரித்துப் பார்த்த ஷின்-சான் இருக்கிறானே, அவன் 1990-இல் முதலில் தோன்றியது பெரியவர்களுக்கான ஒரு பத்திரிகையில். இங்கே குழந்தைகள் சேனலில் போட்டபோது பெற்றோர் புகார் செய்து, 2008-இல் மத்திய அரசே தடை விதித்தது. பிறகு வெட்டித் திருத்தித்தான் மறுபடி வந்தது. சிறுவர் பத்திரிகை என்ற முத்திரையை நம்பினாலும் போதாது. பெயரை எழுதினால் ஆள் செத்துப்போகும் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிய 'டெத் நோட்' கதை வந்தது 'ஷோனென் ஜம்ப்' என்ற சிறுவர் வார இதழில்தான்!

இனி நிறைகளுக்கு வருகிறேன். தடையை எடுத்துவிட்டு, "நீ பார்க்கிறதை எனக்கும் காட்டுடா" என்று பேரனிடம் கேட்டேன். அவன் 'ஹைக்யூ' என்ற தொடரைப் போட்டான். பள்ளிக்கூட வாலிபால் அணியைப் பற்றியது. நான் ஆவடியில் வேலை பார்த்த காலத்தில் ஷிஃப்ட் முடிந்ததும் வாலிபால் ஆடியவன். உயரம் போதாததால் எப்போதும் பின்வரிசைதான். இந்தக் கதையின் நாயகன் ஹினாட்டாவும் குள்ளன். பந்தை வாங்குவது, எழுப்பிக் கொடுப்பது, தடுப்பது எல்லாம் விளையாடியவர்கள் ஒப்புக்கொள்ளும் அளவுக்குச் சரியாக இருக்கின்றன. முதல் சீசன் 25 எபிசோடு. அதன் முடிவில் கோப்பையை வாங்குவார்கள் என்று நினைத்தேன். தோற்றுப்போகிறார்கள். பயிற்சியாளர் பையன்களைக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைக்கிறார். அழுதுகொண்டே சாப்பிடுகிறார்கள்.

அந்த இடத்தில் என் பேரன், திரையைப் பார்த்தபடியே, "தாத்தா, எனக்கு மேத்ஸ்ல 31. அம்மாகிட்ட இன்னும் சொல்லல" என்றான். ஆறு மாதத்தில் அவன் என்னிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான். அன்றைக்கு நான் திட்டவில்லை. "நீயும் சாப்பிடு, அப்புறம் பேசலாம்" என்றேன்.

நல்ல தொடர்களின் பலம் இதுதான். நாயகன் எடுத்த எடுப்பில் நூறு பேரை அடிப்பதில்லை. தோற்கிறான், பயிற்சி செய்கிறான், மறுபடியும் தோற்கிறான். நருட்டோ ஊரே ஒதுக்கி வைத்த அநாதைப் பையன். வில்லனுக்கும் ஒரு பழைய கதை இருக்கும். பேத்தியைப் பயமுறுத்திய அதே 'டீமன் ஸ்லேயரில்' நாயகன் தான் கொன்ற அரக்கனின் கையைப் பிடித்துக்கொண்டு அவனுக்காக வருந்துகிறான். பதினாலு வயதுப் பையனுக்கு அது நல்ல பாடம். ஏழு வயதுக் குழந்தைக்கு அது புரியாது, ரத்தம் மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று, நம் மொழிக்கும் அது நெருக்கமாக இருக்கிறது. ஜப்பானியர்களும் வீட்டில் மூத்தவர்களைப் பொதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அண்ணா, அக்கா என்று உறவு சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஆங்கில டப்பிங்கில் காணாமல் போகும் அந்த மரியாதை தமிழில் இயல்பாக உட்காருகிறது. 2022-இல் நருட்டோ டிவியிலேயே தமிழ் பேசினான். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' படம் தியேட்டர்களுக்குத் தமிழிலும் வந்தது. மூத்த உறுப்பினர்கள் எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், யூகோ சாகோ முன்னின்று எடுத்த இந்திய-ஜப்பானியக் கூட்டுத் தயாரிப்பான இராமாயணப் படத்தைச் சொல்வேன். 1990-களின் தொடக்கத்தில் எடுத்தது, 2025 ஜனவரியில் தமிழ் டப்பிங்கோடு நம் ஊர்த் தியேட்டர்களுக்கு வந்தது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒன்று, இழுவை. நருட்டோ முதல் தொடர் 220 எபிசோடு, அடுத்தது 500. வாரப் பத்திரிகையில் கதை வரும் வேகத்தைவிட டிவி வேகமாக ஓடுவதால், இடையில் மூலக்கதையில் இல்லாததைச் சேர்த்து நிரப்புவார்கள். இதற்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ஃபில்லர். 'டிராகன் பால் ஸெட்'டில் ஐந்து நிமிடத்தில் கிரகம் வெடிக்கும் என்பார்கள், அந்த ஐந்து நிமிடம் பல எபிசோடு ஓடும். ஒரு கன்னத்து அறையை மூன்று முறை திருப்பிக் காட்டும் மெகா தொடர் பார்க்கிற நாம் இதைக் கிண்டல் செய்ய முடியாது. ஆனால் பிள்ளைகளின் நேரம் போவது உண்மை.

இரண்டு, பெண்களைக் காட்டும் விதம். நல்ல கதைக்கு நடுவிலேயே, பள்ளி மாணவிகளைக்கூடக் கூசும்படி காட்டும் தொடர்கள் நிறைய உண்டு. நகைச்சுவை என்ற பெயரில் அத்துமீறலைச் சாதாரணமாக்குவார்கள். இதைப் பற்றி நாம் பிள்ளைகளிடம் பேசவில்லை என்றால், அதுதான் இயல்பு என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

மூன்று, வன்முறை. நான்கு, கண்ணும் தூக்கமும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான ஒரு போகிமான் எபிசோடில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னின. அன்று 680-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள், ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குப் போனார்கள். தொடரையே நான்கு மாதம் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு மின்னும் காட்சிகளுக்கு அங்கே கட்டுப்பாடு வந்தது. வெளிச்சமான அறையில், திரைக்குத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள் என்று இன்றைக்கும் ஆரம்பத்தில் போடுகிறார்கள். போர்வைக்குள் போன் வைத்துப் பார்ப்பது இதற்கு நேர் எதிர். என் பேரனை அங்கே தள்ளியது என் தடைதான்.

எனவே எங்கள் வீட்டில் இப்போது சில வழக்கங்கள் இருக்கின்றன. புதிய தொடர் என்றால் முதல் இரண்டு எபிசோடை பெரியவர் ஒருவர் பார்க்க வேண்டும். திரை ஓரத்தில் வரும் யூஏ 7+, 13+, 16+, ஏ என்ற வயதுக் குறியீட்டை முதலில் பார்க்கிறோம். ஓடிடி தளங்கள் இதைக் காட்ட வேண்டும் என்பதும், 13+ முதல் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும் என்பதும் 2021 விதிகளில் இருக்கிறது. இதை செட்டிங்கில் போட ஐந்து நிமிடம் ஆகும். தெரியாவிட்டால் பிள்ளைகளையே கேளுங்கள், சொல்லித் தருவார்கள்! முடிவுள்ள தொடர்களைத் தேர்ந்தெடுக்கிறோம். 64 எபிசோடில் நிறைவாக முடியும் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்' பெரிய பிள்ளைகளுக்கு ஏற்றது. ஹாலில், விளக்கு எரிய, ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடு, அதோடு சரி. அடுத்த எபிசோடு தானாக ஓடும் வசதியை அணைத்து வைத்திருக்கிறோம்.

பேரன் கணக்கில் நூறு வாங்கினான் என்று சொன்னால் கைதட்டுவீர்கள். வாங்கவில்லை, 58. ஆனால் மார்க் ஷீட்டை அவனே கொண்டுவந்து காட்டினான். எனக்கு அது போதும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூலகப் புத்தகங்களை மொத்தமாக எடுக்க வேண்டாம், அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். இரண்டு பெற்றோர், இரண்டு பெரிய பிள்ளைகள் உட்கார்ந்து புரட்டிப் பார்த்து, வயதுவாரியாகத் தனி அலமாரியில் அடுக்கட்டும். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு பிள்ளை தான் பார்த்த ஒரு தொடரில் இரண்டு நிறை, இரண்டு குறை சொல்லட்டும். நாம் குறுக்கே பேசாமல் கேட்போம். முதல் மாதம் பேச என் பேரன் தயார். ஆனால் நான் முன்வரிசையில் உட்காரக் கூடாதாம்.

சமோசா ஆறுகிறது.