மனநோயும் தாதியின் பணியும்

பதுளையிலிருந்து பசறை வழியாக மலையேறும் பாதை மடுல்சீமையை அடைகின்றது. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரிலே ஒருவர் காய்ச்சலில் விழுந்தால் லயமே திரண்டு நலம் விசாரிக்கும். மனம் நோயுற்றாலோ, எவ்வூரிலும் போலவே அங்கும் கதவு சாத்தப்படுவதுண்டு. பேய் பிடித்தது என்பார் சிலர். வேலைக்கு அஞ்சி நடிக்கிறாள் என்பார் வேறு சிலர். இரண்டும் தவறு. மனநோயும் நோயே, அதற்கு மருந்தும் உண்டு, பராமரிப்பும் உண்டு.

இப்பராமரிப்பின் வரலாற்றில் 1952ஆம் ஆண்டு சிறப்புடையது. அவ்வாண்டிலேதான் பாரிசு நகரத்து வைத்தியர்களான டிலேயும் டெனிக்கரும் குளோர்ப்புரோமசின் என்னும் மருந்து மனக்குழப்பத்தைத் தணிப்பதை எடுத்துக்காட்டினர். அதே ஆண்டில் அமெரிக்கத் தாதியான ஹில்டகார்ட் பெப்லோ, நோயாளிக்கும் தாதிக்கும் இடையே வளரும் உறவும் சிகிச்சையின் பகுதியே என்று நூல் எழுதினார். மருந்து, உறவு என்னும் இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் மற்றது பயன் தராது.

எவ்வாறு என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்திக்கு யாரும் பேசாத குரல்கள் கேட்கின்றன. அயலவர் தன்னைக் கொல்லச் சதி செய்வதாக நம்புகிறாள். இது மனச்சிதைவு நோயின் குறி. பதுளை வைத்தியசாலையிலே தந்த குளிசையால் சில வாரங்களிற் குரல்கள் அடங்குகின்றன. ஆனால் விரல்கள் விறைக்கின்றன. கொழுந்து பறிக்க முடியவில்லை. எடை குறைந்தால் கூலியும் குறையும். அடுத்த சிகிச்சைக்குப் போனால் அன்றைய சம்பளமும் இல்லை. ஆகவே மருந்தை நிறுத்திவிடுகிறாள். சில மாதங்களில் நோய் திரும்புகின்றது. மருந்து பலிக்கவில்லை என்கிறது ஊர்.

பலிக்காதது மருந்தன்று, விரல் விறைப்பை எவரும் விசாரிக்காததே குறை. அதை விசாரிப்பவர் தாதி. விறைப்பும், ஓரிடத்தில் இருக்கவொட்டாத தவிப்பும் மருந்தின் பக்கவிளைவுகளாகலாம். அளவை மாற்றியோ வேறு மருந்து கொடுத்தோ வைத்தியர் அவற்றைத் தணிப்பார். சில மருந்துகளால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். செங்குத்தான மலைச்சரிவில் அது ஆபத்து. குளோர்ப்புரோமசின் உண்பவரின் தோலை வெயில் எளிதிற் சுடும். லித்தியம் உண்பவருக்கு வாந்திபேதி கண்டு உடலில் நீர் வற்றினால், அம்மருந்தே நஞ்சாகலாம். உடனே வைத்தியரை நாடவேண்டும். நாள்தோறும் குளிசை உண்ண இயலாதோருக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு.

குடிப்பழக்கத்தையும் ஒழுக்கக்கேடு என்று மட்டும் எண்ணலாகாது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் வரலாம். இரண்டு மூன்று நாளில் மனங்குழம்பி, இல்லாதவற்றைக் காணலாம். இந்நிலை உயிருக்கே ஆபத்தானது. அவரைக் கட்டிப்போடுவதும் மந்திரிப்பதும் காலத்தை வீணாக்கும். வைத்தியசாலையிலே தகுந்த மருந்தும் பி1 உயிர்ச்சத்தும் கொடுத்தல் வேண்டும்.

சாகவேண்டும் என்று ஒருவர் சொன்னால் அதை மிரட்டலாகத் தள்ளிவிடுதல் கூடாது. அவ்வெண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பதால் அது வளராது. கேட்பவர் இருப்பதே அவருக்கு ஆறுதல். தோட்டத்துக் கிருமிநாசினிகளைப் பூட்டி வைத்தல், தனியே விடாதிருத்தல், வைத்தியரிடம் அழைத்துச் செல்லல் ஆகிய மூன்றும் உடனே செய்யவேண்டியவை. 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் தேசிய மனநல உதவி கிடைக்கின்றது.

ஒரு காலத்தில் இலங்கையில் மனநோயாளர் பெரும்பாலும் அங்கொடைக்கே அனுப்பப்பட்டனர். மலையகத்திலிருந்து அது நெடுந்தூரம். போனவரைப் பார்க்க உறவினர் செல்வதே அரிது. மனநலச் சேவை மாவட்டந்தோறும் பரவவேண்டும் என்பதை 2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கை வலியுறுத்தியது. ஆயினும் மாவட்ட வைத்தியசாலையின் வாயிலிலிருந்து லயத்தின் வாயில் வரையுள்ள தூரத்தைக் கொள்கை மாத்திரம் கடந்துவிடாது. தாதி கடக்கவேண்டும், குடும்பமும் அயலும் உடன் நடக்கவேண்டும்.

குணமடைந்து திரும்பும் அப்பெண்ணைப் பெயர் சொல்லி அழைத்து, தேநீர் கொடுத்து, "குளிசை போட்டாயா? கை எப்படி இருக்கிறது?" என்று கேட்பவர் ஒருவர் இருந்தால், அந்த லயத்திலே மனநோய்ப் பராமரிப்பு தொடங்கிவிட்டது.