சிலப்பதிகாரத்தில் வேனில்



இளவேனில் என்றவுடன் நெஞ்சில் வந்து நிற்பவை தென்றலும் குயிலும் மாந்தளிரும். எனினும், தமிழகத்து இளவேனில் வடநாட்டு வசந்தம் அன்று. வடக்கே பனி அகன்று இளவெயில் இனிக்கும் காலம் வசந்தம். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் பங்குனியிலேயே ஏரி நீர் சுருங்கத் தொடங்கும். சித்திரை பிறந்தபின் நண்பகலில் வெறுங்காலுடன் வரப்பில் நடப்பது அரிது. வேம்பு பூத்துச் சொரியும். புங்கு புதுத்தழை விரித்து நிழல் தரும். கோடை மழை பெய்தால் பேறு. அழகும் வெம்மையும் ஒருங்கே வரும் பருவம் இது.

பழைய இலக்கணத்தார் இதனை நன்குணர்ந்திருந்தனர். ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்து, சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்றனர். வேனிலைப் பாலைத் திணைக்கு உரியதாக்கினர். பாலையின் உரிப்பொருள் பிரிவு. வடமொழிக் காவியங்களில் வசந்தன் காமனுக்குத் தோழன், காதலரைக் கூட்டுவிப்பவன். தமிழ் அகப்பாட்டிலோ, குயில் கூவியும் சென்றவர் வரவில்லையே என்று தலைவி வருந்தும் காலம் இளவேனில்.

கண்ணகி கதையை வேனிற்காலக் கதை என்று எவரும் அழைப்பதில்லை. திங்களை எண்ணிப் பார்த்தால் அது முற்றிலும் பொருந்தும். புகாரில் இந்திர விழா சித்திரை முழுமதியில் தொடங்குகிறது. அவ்விழா 28 நாள் நடந்ததென மணிமேகலை கூறும். மதுரை எரியுண்ட நாள் ஆடித் தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமை. ஊடல், பிரிவு, வழிநடை, கொலை, வழக்குரை யாவும் வேனிலின் எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன.

கானல்வரியில் ஊடிப் பிரிந்த கோவலனுக்கு மாதவி எழுதும் முடங்கல் வேனிற்காதையில் வருகிறது. தாழையின் வெண்மடல் ஏடு. பித்திகை அரும்பு எழுத்தாணி. செம்பஞ்சுக் குழம்பு மை. பல மலர் தொடுத்த மாலையோடு அதனைக் கொண்டு செல்பவள் வசந்தமாலை. (பெயரிலும் வசந்தம்!) இளவேனிலை நடுவுநிலை அறியாத இளவரசன் என்று மாதவி குறை கூறுகிறாள். கோவலனோ அவளை நடிப்பில் வல்ல ஆடல்மகள் என்று சொல்லி ஓலையை மறுத்துவிடுகிறான். மேடைகளில் பெரிதும் பேசப்படும் பகுதி இது. பேசத் தக்கதே.

ஆயின் சமணர் இல்லங்களில் அதனினும் கூடுதலாகப் பயிலப்பட வேண்டியது நாடுகாண் காதையில் உள்ளது. விடியுமுன் புகாரை விட்டு நீங்கிய இருவரும் அருகன் திருநிலையமான சிலாதலத்தை வலம்கொண்டு, காவிரிக்கரைச் சோலையில் கவுந்தியடிகளைக் காண்கின்றனர். மதுரையில் அறவுரை கேட்க விழைந்த அடிகளும் பிச்சைப் பாத்திரமும் உறியும் மயிற்பீலியும் ஏந்தி உடன் புறப்படுகிறார். மழைக்காலம் நான்கு திங்களும் ஓரிடத்தில் தங்குதல் துறவியர் மரபு. ஆதலின் வேனில் அவர்கள் நடக்கும் காலம்.

புறப்படுமுன் அடிகள் வழியின் இடையூறுகளை எடுத்துரைக்கிறார். கள்வரையும் விலங்கையும் பற்றிய எச்சரிக்கையை எதிர்பார்ப்பவர் வியப்புறுவர். சோலை வழியே சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த சண்பகப் பூக்கள் மூடியிருக்கும். வயல் வழியே சென்றால், கரும்பில் கட்டிய தேனடை சிதைந்து பொய்கை நீரில் தேன் கலந்திருக்கும்; வேட்கை மிகுந்த கண்ணகி அறியாது அதனை அள்ளிப் பருகிவிடக் கூடும். களை பறிப்போர் வரம்பில் இட்ட குவளைப் பூக்களில் வண்டுகள் தங்கியிருக்கும். நடந்த களைப்பில் அவற்றின்மேல் அடி வைத்துவிடவும் கூடும். வாய்க்கால் கரையில் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கினால் அத்துன்பம் தாங்கற்கு அரியது.

மலர், வண்டு, தேன்: வேனிலைப் பாடும் புலவர் அனைவரும் கையாளும் பொருள்கள் இவையே. மாதவிக்கு மலர் மடல் தூது. கவுந்திக்கோ, கீழே கிடக்கும் மலருக்குள் ஓர் உயிர் உறங்கலாம். இரண்டும் ஒரே பருவத்து மலர்கள். புலவர் ஒருவரே இரண்டையும் கண்டார். மாதவியின் மலரை அவர் இகழவும் இல்லை.

தேனை விலக்கிய அந்நெறி தாகத்தை மறந்த நெறி அன்று. நெடுநாள் உணவின்றி நடந்த ஆதிநாதர்க்கு அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் கருப்பஞ்சாறு அளித்த அட்சய திருதியையும் இப்பருவத்துக்கே உரியது. மகாவீரர் தோன்றிய சைத்திர வளர்பிறைத் திரயோதசிக்கு அது ஏறத்தாழ மூன்று வாரம் பிந்தி வரும்.

மதுரை நெருங்க நெருங்க வெம்மை முதிர்கிறது. கண்ணகியின் அடி வெயில் பொறாது என்பதால் இரவில் நடக்கின்றனர். அங்கே கோவலனைத் தேடி வந்த கோசிகன், கடும் வேனிலில் பூவிழந்து வாடிய குருக்கத்திக் கொடியைப் பார்த்து, கோவலனைப் பிரிந்த மாதவியைப் போல நீயும் வாடினாயோ என்று பேசுகிறான். குருக்கத்திக்கும் மாதவி என்று பெயருண்டு. புகாரில் மலராய் வந்த தூது இங்கே வாடிய கொடியாய் நிற்கிறது. இம்முறை கோவலன் மாதவியின் ஓலையை வாங்கிப் படிக்கிறான். தவறு தன்னுடையது என்று தெளிகிறான்.

கவுந்தி கண்ணகியை ஆயர்குல மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். வந்தவர்கள் சாவக நோன்பினர். பகலிலேயே உண்ண வேண்டும் என்பதால் சமையற்கலங்களும் காய்கனிகளும் விரைந்து வருகின்றன. பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலி அரிசி, ஆவின் பயன். மாவும் பலாவும் வெள்ளரியும் இன்றும் சித்திரை, வைகாசியில் சமணர் வீட்டு அடுக்களையில் காண்பனவே. கண்ணகி தன் மெல்விரல் சிவக்க அவற்றை அரிந்து, அடுப்பின் வெம்மையில் முகம் வியர்த்துச் சமைத்தாள். தடுக்கில் அமர்த்திக் கணவனின் அடிகளைக் கழுவி, குமரி வாழையின் குருத்து விரித்து உணவு படைத்தாள்.

அவ்வுணவை உண்டு எழுந்த பின்னரே, கோவலன் சிலம்புகளுள் ஒன்றைக் கையிலேந்தி மதுரைப் பெருவீதிக்குப் புறப்பட்டான்.