"எங்கே சேர்க்கலாம், டீச்சர்?"

(வட்டார வள மையத்தில் நடந்த பணியிடைப் பயிற்சியில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



ஒன்றாம் வகுப்பு எடுப்பவர்களும் பத்தாம் வகுப்பு எடுப்பவர்களும் ஒரே அறையில் இருக்கிறீர்கள். இருவரிடமும் பெற்றோர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு தெரபி சென்டர் திறந்திருக்காங்களாம். இவனை அங்க சேர்க்கலாமா?"

நாம் சொல்லும் பதிலுக்கு நாம் நினைப்பதைவிட எடை அதிகம். டீச்சர் சொன்னார் என்பதற்காகவே நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிற குடும்பங்கள் உள்ளன. பணத்தைக்கூடப் பிறகு சம்பாதித்துக்கொள்ளலாம். நான்கு வயதில் கிடைத்திருக்க வேண்டிய பேச்சுப் பயிற்சி எட்டு வயதில் கிடைத்தால் அதன் பலன் அதே அளவு இருக்காது.

அந்த அம்மாவிடம் முதலில் கேட்க வேண்டியது, வட்டார வள மையத்துக்கு வந்தாரா என்பதுதான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் தரும் சேவைக்குக் கட்டணம் கிடையாது. பள்ளிக்கு வர இயலாத குழந்தைக்கு வீட்டுக்கே சென்று கற்பிக்கும் ஏற்பாடும் உண்டு. இது தெரியாமலேயே தனியார் மையத்துக்குப் போகிறவர்கள் அதிகம். இங்கே கிடைப்பது போதாது, வாரத்தில் இன்னும் சில மணி நேரம் பயிற்சி வேண்டும் என்ற நிலையில் தனியார் மையத்தைத் தேடினால் அது நியாயம்தான். அப்போது எதைப் பார்த்துச் சேர்ப்பது?

வாசலில் "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று பலகை இருக்கும். எந்த அங்கீகாரம் என்று கேட்க வேண்டும். மூன்று வெவ்வேறு பதிவுகளை மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். சில மையங்களுக்கு அந்தக் குழப்பம் வசதியாகவும் இருக்கிறது.

முதலாவது, ஆளுக்கான பதிவு. 1992-ஆம் ஆண்டின் சட்டப்படி இந்திய மறுவாழ்வு மன்றம் இயங்குகிறது. ஆர்.சி.ஐ. என்றால் எல்லோருக்கும் தெரியும். சிறப்பாசிரியர், கேட்பியல் மற்றும் பேச்சுப் பயிற்சி வல்லுநர், மருத்துவ உளவியலாளர் போன்றோர் அதன் மத்தியப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அப்படி இடம்பெற்றவருக்கு ஓர் எண் தருவார்கள். அதைத்தான் சி.ஆர்.ஆர். எண் என்கிறோம். பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆயிரம் ரூபாய் இன்று யாரையும் பயமுறுத்தாது என்பது வேறு விஷயம். பதிவைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும், அதற்குத் தொடர் பயிற்சிகளில் கலந்துகொண்டிருக்க வேண்டும். ஆகவே எண்ணை மட்டும் கேட்காமல், அது இன்று செல்லுபடியாகிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள். இயன்முறை மருத்துவரிடம் இந்த எண்ணைக் கேட்டு வாதாட வேண்டாம். அவரும் செயல்முறை மருத்துவரும் வேறு சட்டத்தின் கீழ், 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில் சட்டத்தின் கீழ் வருகிறார்கள்.

இந்த இடத்தில் உங்கள் பழைய மாணவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சிறப்புக் கல்வி படிக்கலாமா என்று கேட்டு வருகிறார்கள். மூன்று மாதச் சான்றிதழ், ஆறு மாதப் பட்டயம் என்று விளம்பரங்கள் நிறைய வருகின்றன. மறுவாழ்வு மன்றம் ஏற்காத படிப்பைப் படித்தால் பதிவேட்டில் பெயர் ஏறாது. பணம் கட்டும் முன்பே அந்த நிறுவனமும் அந்தப் படிப்பும் மன்றத்தின் பட்டியலில் உள்ளனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கப்பட்ட, பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்திலேயே இத்தகைய படிப்புகள் உள்ளன.

இரண்டாவது, இடத்துக்கான பதிவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 50-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் எதையும் நடத்தக் கூடாது என்கிறது. நிறுவனம் என்றால் விடுதி மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பராமரிப்பு, கல்வி, பயிற்சி, மறுவாழ்வு எல்லாமே அதில் அடங்கும். விண்ணப்பம் வந்தால் அதிகாரிகள் விசாரித்து, வசதிகள் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்த்து, 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுப்பதாக இருந்தால் விண்ணப்பித்தவர் தரப்பைக் கேட்ட பிறகே மறுக்க வேண்டும். சான்றிதழுக்குக் கால வரம்பு உண்டு. அது முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். அரசே நடத்தும் நிறுவனங்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை. உங்கள் பகுதியில் உள்ள ஒரு மையம் பதிவு பெற்றதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

இதையெல்லாம் வெறும் காகித வேலை என்று சொல்பவர்களுக்கு ஏர்வாடியை நினைவுபடுத்துவேன். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு கொட்டகை தீப்பிடித்தது. மனநலம் பாதிக்கப்பட்ட 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. உரிமம் பெறாமல் நடந்த இல்லம் அது. மனநோயும் வளர்ச்சிசார் குறைபாடும் ஒன்றல்ல, அவற்றுக்கான சட்டங்களும் வேறு. ஆனால் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களும், வேறு வழி தெரியாமல் யாரோ சொன்னதைக் கேட்டு வந்தவர்கள்தான்.

பதிவு இருந்தால் போதுமா? போதாது. கட்டடமும் ஆட்களும் விதிப்படி இருந்தன என்பதற்கு மட்டுமே சான்றிதழ் பொறுப்பு. குழந்தை அங்கே என்ன கற்கிறது என்பதைப் பெற்றோர்தான் பார்க்க வேண்டும். பயிற்சி நடக்கும்போது உள்ளே வந்து உட்கார விடுகிறார்களா? குழந்தைக்கென்று எழுதிய திட்டம் இருக்கிறதா, அதில் ஒரு நகலைக் கொடுப்பார்களா? வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருகிறார்களா? "ஆட்டிசத்தை ஆறு மாதத்தில் குணப்படுத்துகிறோம்" என்று யாராவது சொன்னால், எத்தனை சான்றிதழ் மாட்டியிருந்தாலும் அந்த இடம் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

மூன்றாவது பதிவைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேச வந்தேன். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளை, அதாவது நேஷனல் டிரஸ்ட், நான்கு குறைபாடுகளுக்கானது: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு. இந்த நான்கு பிரிவினருக்கும் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. சேருமுன் மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை, தெரபி செலவுக்கும் அதில் இடமுண்டு. அறக்கட்டளையில் பதிவு பெற்ற அமைப்புகள் மூலமாகத்தான் பெரும்பாலான குடும்பங்கள் இதில் சேர்கின்றன. பகல்நேரப் பராமரிப்பு போன்ற திட்டங்களை நடத்துவதும் அந்த அமைப்புகள்தான். பக்கத்தில் அப்படி ஓர் அமைப்பு இல்லாத ஊரில், திட்டங்கள் இருந்தும் எட்டாமல் போகின்றன.

சரி, அமைப்பு எப்படி வரும்? சென்னையிலிருந்து யாராவது வந்து தொடங்குவார்கள் என்று காத்திருக்க வேண்டியதில்லை. யார் பதிவு செய்யலாம் என்று சட்டம் மூன்று வகையினரைச் சொல்கிறது. தன்னார்வத் தொண்டு நிறுவனம் ஒன்று. மாற்றுத்திறனாளிகளின் சங்கம் ஒன்று. இன்னொன்று பெற்றோர் சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். ஒரு ஒன்றியத்தில் ஏழு பெற்றோர் கிடைக்காமலா போவார்கள்?

அவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் இருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல். ஒரு ஊரில் ஒரு குழந்தை, அடுத்த ஊரில் ஒரு குழந்தை. இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் நாம்தான். எமிஸில் பதிவேற்றுகிறோம், மருத்துவ முகாமுக்கு அழைத்து வருகிறோம். அந்த முகாமில் காத்திருக்கும் நேரத்தில் பெற்றோரை ஒன்றாக உட்கார வைத்துப் பேச விடுங்கள். பட்டியலை யாரிடமும் கொடுக்க வேண்டாம். குழந்தையின் குறைபாடு பற்றிய விவரம் குடும்பத்துக்குச் சொந்தம். அவர்களாக எண்களைப் பரிமாறிக்கொள்ளட்டும்.

சங்கம் பதிவானதும் மறுநாளே மையம் திறக்க முடியாது. முதலில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கம், பிறகு உரிமைச் சட்டத்தின் கீழ் நிறுவனப் பதிவு, அதன் பிறகு தேசிய அறக்கட்டளை. ஒவ்வொன்றும் முந்தையதைக் கேட்கும். தணிக்கை செய்த கணக்கு வேண்டும். கட்டடத்தில் தீத்தடுப்பும் சாய்தளமும் சக்கர நாற்காலி போகும் கழிப்பறையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், பதிவு பெற்ற சிறப்பாசிரியர் ஒருவர் தொடர்ந்து வேலை பார்க்கச் சம்மதிக்க வேண்டும். கட்டடம் பிடித்துவிட்டு ஆளைத் தேடுகிறவர்கள் வாடகை கட்டியே ஓய்ந்துபோகிறார்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இதில் இறங்க ஆசைப்படுகிறீர்கள், நல்லது. நம் பி.எட். பட்டம் இந்தப் பதிவேட்டுக்கு உதவாது. ஆனால் கணக்கு எழுதவும் மனு எழுதவும் அலுவலகங்களுக்கு நடக்கவும் உங்களைவிடப் பழக்கப்பட்டவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒன்று. உரிமைச் சட்டப்படி இலவசக் கல்வி 18 வயது வரை. அதே 18 வயதில் பெற்றோர் இயற்கைக் காப்பாளர் என்ற நிலையும் முடிகிறது. வங்கியிலோ பத்திரப்பதிவிலோ போய் நின்று, "நான்தான் அவன் அம்மா" என்றால் ஏற்க மாட்டார்கள். காப்பாளர் தேவைப்படும் பிள்ளைக்கு, மாவட்ட ஆட்சியர் இடம்பெற்ற உள்ளூர் அளவிலான குழுவிடம் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். பதிவு பெற்ற அமைப்பும் விண்ணப்பிக்கலாம். அந்தக் குழுவிலேயே பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவர் உண்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் காப்பாளர் தேவைப்படாது. கையெழுத்துப் போட்டுத் தன் பணத்தைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்கு அந்த உரிமையை எடுத்துவிடக் கூடாது என்பதையும் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். இந்தப் பேச்சை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தால் அந்தக் குடும்பம் பள்ளிப் பக்கம் வருவதில்லை.

இப்போது தேநீர் இடைவேளை. திரும்பி வரும்போது, உங்கள் பள்ளியில் இந்த நான்கு பிரிவுகளிலும் 14 வயதைக் கடந்த மாணவர்கள் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். ஒன்றியம் முழுவதற்கும் கூட்டிப் பார்ப்போம்.