பசிக் கோபுரத்துப் பிரபு

தாந்தேயின் நரகத்துக்குள் ஒருமுறை சென்று வந்தோர் உகோலினோ பிரபுவை மறப்பதில்லை. உறைந்த பனியிற் புதையுண்டு, தன் பகைவனின் பிடரியைக் கடித்துக்கொண்டிருப்பவன் அவன். கடிபடுபவர் பீசா நகரப் பேராயர் ருஜ்ஜியேரி.

சரித்திரத்தில் இவன் தெல்லா கெரார்தெஸ்கா குடும்பத்தவன். அது பேரரசன் பக்கம் நின்ற குடும்பம். ஆனால் உகோலினோவோ போப்பின் கட்சியைச் சேர்ந்த விஸ்கொந்தி வீட்டாருடன் சம்பந்தம் செய்துகொண்டான். அவ்வுறவில் வந்த பேரனே நீனோ விஸ்கொந்தி. 1284 ஓகஸ்டில் மெலோரியாக் கடற்போரில் ஜெனோவா பீசாவை முறியடித்தது. தத்தளித்த நகரின் ஆட்சி உகோலினோவிடம் வந்தது. எதிரிகளின் கூட்டைப் பிரிக்க அவன் சில கோட்டைகளை லூக்காவுக்கும் புளோரன்சுக்கும் கொடுத்தான். அது இராஜதந்திரமா, துரோகமா? அன்றே இரண்டு விதமாகவும் பேசினார்கள்.

பின்னர் பாட்டனும் பேரனும் அதிகாரத்துக்காக மோதினர். 1288 இல் நீனோ நகரை விட்டு வெளியேற, பேராயர் மக்களைத் திரட்டி உகோலினோவைப் பிடித்தார். இரு மகன்மாரான காத்தோ, உகுச்சியோனே, இரு பேரப்பிள்ளைகள் ஆகியோருடன் அவனைக் கோபுரமொன்றில் அடைத்தார்கள். 1289 மார்ச்சில் உணவு நிறுத்தப்பட்டது. ஐவரும் மாண்டனர். கோபுரத்துக்குப் பசிக் கோபுரமென்றே பெயராயிற்று.

இங்கேதான் கவிஞர் சரித்திரத்தைத் திருத்துகிறார். மகன்மார் வளர்ந்த ஆண்கள். பேரரில் ஒருவனும் குழந்தையல்லன். தாந்தேயோ நால்வரையும் இளம்பிள்ளைகளாக்கி, உகோலினோவின் மக்களாகவே காட்டுகிறார். கோட்டைகளை விற்றான் என்ற பழி உண்மையாயினும், பிள்ளைகளை வதைத்தது எந்த நீதி என்று பீசாவையே சபிக்கிறார்.

உகோலினோ தன் கதையை முடிக்கும் கடைசி அடி இன்றும் சர்ச்சைக்குரியது. துயரத்தால் முடியாததைப் பசி செய்தது என்பது அதன் கருத்து. பசி அவனைக் கொன்றதா, அல்லது பிள்ளைகளின் உடலை உண்ணச் செய்ததா? முதற்பொருளே பொருத்தம் என்பது என் எண்ணம்; இரண்டாவதைக் கேட்பவர் மனத்தில் எழ விட்டதும் தாந்தேயே. 2002 இல் பீசாவின் மானிடவியலாளர் பிரான்செஸ்கோ மல்லெஞ்ஞி, இவர்களுடையவையெனக் கருதப்பட்ட எலும்புகளை ஆராய்ந்து, நரமாமிசக் கதைக்கு ஆதாரமில்லை என்றார். அம்முடிவையும் மறுப்போர் உளர்.

பேரன் நீனோவோ தாந்தேயின் நண்பன். நரகத்திலன்றி, கழுவாய் மலையின் அடிவாரத்தில் அவனைக் கண்டு கவிஞர் மகிழ்கிறார். மறுமணம் செய்துகொண்ட மனைவியின்மேல் அவனுக்கு மனத்தாங்கல் உண்டு. தன் சின்ன மகள் ஜியோவன்னாவிடம் போய், எனக்காக மன்றாடச் சொல் என்று மட்டும் கேட்கிறான்.